கோடாலி ஏந்திய சிங்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. என்னுடையது அல்ல. அதன் மூலையொன்று வெட்டப்பட்டிருக்கிறது. உரியவர் இறந்த பிறகு, இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக அப்படி வெட்டித்தான் எங்களிடம் திருப்பித் தந்தார்கள். சிவப்பு அட்டை. நடுவில் பொன்னிறத்தில் ஒரு சிங்கம். தலையில் கிரீடம், முன்னங்கால்களில் ஒரு கோடாலி. நோர்வேயில் வாழ்கிற எல்லோருக்கும் பழக்கமான சிங்கம்தான். ஆனால் இந்தச் சிங்கத்தின் மேல் ஒரு கறை இருக்கிறது. ஒரு காலத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சளாக இருந்தது. இப்போது காய்ந்து உதிர்ந்து, பொன்கோடுகளின் பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தனத்தோடு மஞ்சள் குழைத்து வைத்த பொட்டு அது. கடவுச்சீட்டு என் பெரியப்பாவுடையது.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். திருமணம் செய்யவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில், ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ஸ்டோவ்னரின் உயர்ந்த குடியிருப்புகளில் ஒன்றில், கட்டிலும் ஒரு கதிரையும் மட்டும் கொள்ளும் சின்ன அறையில் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் வலை இழுத்தவர். ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். மாலையில் அவர் வீட்டுக்குள் வரும்போது அவர் உடம்பிலிருந்து சூடான துணியின் மணம் வரும். ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அப்பா இன்னும் இரண்டு வகுப்புப் படித்தார், அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பட்டமளிப்பு அன்று அணிய வேண்டிய சேலையைப் பெரியப்பாதான் இஸ்திரி போட்டுத் தந்தார், மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் போலிருந்தது.

கோடை வந்தால் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். லண்டனில் கலியாணம், பாரிஸில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியவீடு, ரொறொன்ரோவில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள். போகிறவர்கள் எல்லோரும் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் கொடுப்பார்கள். அவருடைய அறைச் சுவரில் ஆணிகள் அடித்த ஒரு பலகை இருந்தது. ஆடி மாதத்தில் அது திறப்புகளால் நிறைந்திருக்கும். நாங்களும் போய்விடுவோம். அவர் மட்டும் வீடு வீடாகத் திறந்து, கறிவேப்பிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வீட்டு சோபாவிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். தண்ணீர் ஊற்றினால் போதாதா, ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டேன். "பூட்டிக் கிடந்தா வீடு பழுதாப்போம் பிள்ளை. மனிசற்ரை மூச்சுப் படவேணும்" என்றார். ஒருமுறை நாங்கள் பிரயாணம் முடிந்து வந்தபோது, எல்லாத் திறப்புகளும் பலகையில் ஒரே பக்கம் பார்த்துத் தொங்கியதைக் கண்டேன். தினமும் திருப்பித் திருப்பி ஒழுங்குபடுத்தியிருக்கிறார். வேறு வேலை இருக்கவில்லை.

அவர் எங்கும் போகாததற்குக் காரணம் அவரிடம் நோர்வேக் கடவுச்சீட்டு இல்லாததுதான். நாங்கள் எல்லோரும் குடியுரிமை எடுத்துவிட்டோம். அவர் மட்டும் அகதியாக வந்தபோது கிடைத்த பயணப் பத்திரத்தையே புதுப்பித்துக்கொண்டிருந்தார். குடியுரிமைப் பேச்சை எடுத்தால், "உந்தச் சிங்கப் புத்தகம் எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விடுவார். அப்பா சீண்டுவார்: "அண்ணைக்குச் சோதினை எழுதப் பயம். அஞ்சாம் வகுப்பிலை வாத்தியாருக்குப் பயந்து கடலுக்கு ஓடினவர், இஞ்சை எங்கை ஓடுறது?" பெரியப்பாவும் விடமாட்டார். "நீ ஏழாம் வகுப்பு வரைக்கும் போய் என்னத்தைக் கிழிச்சனீ? உன்ரை கையெழுத்தைப் பாத்தா கோழி கிளறின மாதிரிக் கிடக்கு." சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். சிங்கத்தைப் பற்றி அவர் சொன்னதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சின்னங்களை அவர் எப்போதும் அப்படித்தான் பார்த்தார். ஒஸ்லோ நகரத் தெருக்களில் நிலத்தடிக் குழாய்களுக்குப் போகிற வட்ட இரும்பு மூடிகளில் நகரத்தின் முத்திரை வார்க்கப்பட்டிருக்கும். அதில் ஒரு புனிதர், ஒரு கையில் திரிகைக்கல், மறு கையில் அம்புகள். ஊரெல்லாம் அதை மிதித்துத்தான் நடக்கிறது. பெரியப்பா மிதிக்கமாட்டார். குளிர்காலத்தில் நடைபாதை முழுக்கப் பனி உறைந்து, அந்த மூடி மட்டும் கீழிருந்து வரும் சூட்டில் காய்ந்து கிடந்தாலும், பனியில் கால்வைத்துச் சுற்றிப் போவார். "சாமியாரை ஆரும் உழக்குவினமே?" என்பார். கையைப் பிடித்துக்கொண்டு போகும் நானும் சுற்றிப் போவேன். இன்றும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அலுவலக நண்பர்களோடு நடக்கும்போது நான் திடீரென்று விலகுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் வரலாறு படித்தேன். முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நோர்வேயின் கேடயச் சின்னங்களை. இங்கே ஒவ்வோர் உள்ளூராட்சிக்கும் கேடய வடிவில் ஒரு சின்னம் உண்டு. ஒன்றில் மீன்கள், ஒன்றில் கலப்பை, ஒன்றில் இலை. நிறம் இரண்டுக்கு மேல் கூடாது, நிழல் கூடாது, எழுத்துக் கூடாது. இப்போது ஒஸ்லோவுக்கு வெளியே ஓர் உள்ளூராட்சியின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சின்னத்தைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலைதான். நீலம் நம்பிக்கையைக் குறிக்கிறதா, சிவப்பு என்றால் சிந்திய இரத்தமா, சிங்கம் என்றால் வீரமா என்றெல்லாம் கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். அந்த அகராதிகள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்தவை. முதன்முதலில் கேடயத்தில் படம் தீட்டியவர்களுக்கு ஓர் எளிய தேவை இருந்தது. போருக்குப் போகிறவன் முகத்தை இரும்புக் கவசம் மூடியிருக்கும். தூரத்தில் வருவது யாரென்று தெரியவேண்டும். அவ்வளவுதான். பக்கத்து ஊர்க்காரன் கழுகு வைத்திருந்தால் இவன் கரடி வைத்தான். அக்காலத்து அரசர்களிடையே சிங்கம் ஒரு மோஸ்தராக இருந்ததால் ஆளுக்கொரு சிங்கம் வைத்துக்கொண்டார்கள். நோர்வேச் சிங்கத்தின் கையில் கோடாலி பிறகுதான் வந்தது, இந்த நாட்டின் புனித அரசர் ஒருவரின் நினைவாக. அர்த்தம் என்பது வீடு கட்டி முடிந்த பிறகு குடிவருகிற ஆள். இதை நான் நன்றாகவே விளக்குவேன். இதற்காகப் படித்தவள் நான்.

நான் ஆய்வை முடித்த வருடம் ரொறொன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த மாமி, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு குழறியது. அப்பா அடுத்த வாரமே பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரியப்பாவால் போக முடியவில்லை. அவருடைய பயணப் பத்திரத்தில் கனடாவுக்கு முன்னொருமுறை விசா கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தது. ஊர்க்கரையில் பிரிந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் கண்டதேயில்லை. மாமி தொலைபேசியில் சொன்னது ஒலிபெருக்கியில் எங்கள் குசினி முழுக்கக் கேட்டது. "அண்ணை, ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. இந்தப் போன் கண்ணாடிக்குள்ளை பாத்தது போதும்." இவ்வளவையும் சொல்லிமுடிக்க அவருக்கு வெகு நேரம் எடுத்தது. பெரியப்பா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோபமாகவே தொடங்கினார். "இனியாவது எடுங்கோ அண்ணை. சோதினை எழுதுற வயசும் உங்களுக்குக் கடந்துபோச்சு. பிள்ளை எல்லாத்தையும் நிரப்பித் தருவாள். வேறை என்ன வேணும்?"

"அந்தச் சிங்கம்" என்றார் பெரியப்பா.

"அது இந்த நாட்டுச் சிங்கம். குளிரிலை விறைச்சுப்போய் எழும்பி நிக்குது. உங்களை என்ன செய்யப்போகுது?"

"வாளைக் கீழை வைச்சிட்டுக் கோடாலியைத் தூக்கியிருக்கு. வேறை என்ன வித்தியாசம் சொல்லு பாப்பம்?"

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஊரில் அரசின் கொடியில் வாளேந்திய சிங்கம் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிங்கத்தையும் இந்தச் சிங்கத்தையும் ஒரே சிங்கமாக ஒருவர் இத்தனை வருடம் மனதில் வைத்திருப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. நான் என் பாடத்தைச் சொன்னேன். கவசம் மூடிய முகத்தைச் சொன்னேன், கழுகையும் கரடியையும் சொன்னேன். "அதுக்குள்ளை அர்த்தம் எண்டு ஒண்டுமில்லைப் பெரியப்பா. வெறும் அடையாளம்" என்றேன். வகுப்பில் இருப்பவரைப் போல அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப, தூரத்திலை வாறது ஆரெண்டு தெரியிறதுக்குத்தான் கீறினவங்கள்?"

"ஓம்."

"எங்களுக்கும் தெரிஞ்சதுதானே, பிள்ளை."

அதன் பிறகு அவர் சொன்னதை அப்பாவே அன்றுதான் முதல்முறை முழுதாகக் கேட்டார். கடலில் நிற்கும்போது தொலைவில் முதலில் ஒரு புள்ளி தெரியும். பிறகு அது படகாகும். பிறகு அதில் ஒரு கொடி இருப்பது தெரியும். கொடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண் கூர்மையான ஒருவனைப் படகின் முன்னால் நிறுத்துவார்கள். அந்த ஆள் பெரியப்பா. சிங்கம் தெரிகிற அளவுக்குக் காத்திருந்தால் காலம் போய்விடும். "மஞ்சள் தெரிஞ்சாப் போதும், நேவிதான். வலையை அறுத்து விட்டிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எத்தினை வலை அறுத்திருப்பன். என்னை நம்பித்தானே மற்றவங்கள் குனிஞ்சு வேலை செய்தவங்கள்." மஞ்சளை அவர் பிந்திக் கண்ட நாள் ஒன்று இருந்ததா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

என் பாடத்தில் நான் சொன்னதில் பிழையில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் கேடயச் சின்னத்தை அது எதற்காகத் தீட்டப்பட்டதோ அதற்காகவே பயன்படுத்திய ஒருவர் எங்கள் குசினி மேசையில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நான் அறிந்த மற்றவர்கள் எல்லோரும் அவற்றைப் பதாகைகளிலும் கோப்பைகளிலும் பார்த்தவர்கள்.

ஒரு மாதம் கழிந்து ஒருநாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே என் அறை வாசலில் நின்று, "எழுது பிள்ளை" என்றார். "சிங்கம் என்ரை தங்கச்சியை விடப் பெரிசே?" குடியுரிமை கிடைக்க ஒரு வருடத்துக்கும் மேலானது. ஒவ்வொரு ஞாயிறும் மாமியிடம், "இரு, வாறன், இரு" என்று மட்டும் சொல்வார். மாமி இருந்தார்.

கடவுச்சீட்டு வந்த அன்று பெரியப்பா உறையைப் பிரிக்கவில்லை. சப்பாத்துத் தட்டின் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். மறுநாளும் அது அங்கேயே கிடந்தது. அம்மாதான் பிரித்தார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமித் தட்டுக்குத்தான் போகும். என் முதல் சம்பளம், தம்பியின் கார்த் திறப்பு, துணி துவைக்கும் மெசினின் உத்தரவாதப் பத்திரம்கூட அங்கே இருந்துவிட்டுத்தான் வந்தன. அம்மா கடவுச்சீட்டை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். சந்தனத்தோடு மஞ்சளைக் குழைத்து, மோதிர விரலால் தொட்டு, சிங்கத்தின் மேல் அழுத்திப் பொட்டு வைத்தார். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"அத்தான், இஞ்சை வந்து பாருங்கோ. படத்திலை அம்மாளாச்சி என்னத்திலை இருக்கிறா?"

பெரியப்பா பார்த்தார். அம்மன் சிங்கத்தின் மேல் இருந்தாள். வருடக்கணக்காக அவர் தினமும் காலையில் கும்பிடுகிற படம்.

"அவவின்ரை வாகனம்தான் இதிலையும் நிக்குது. ஏறி இருந்து போட்டு வாங்கோ."

அவர் கடவுச்சீட்டைக் கையில் எடுத்தார். நான் புத்தகங்களிலிருந்து கொண்டுவந்த சிங்கம் அந்த வீட்டில் ஒருநாளும் செய்யாததை அம்மாவின் விரல் செய்துவிட்டது என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். அம்மாவின் சொல்லை அவர் நம்பினாரா, அல்லது நம்புவதற்கு ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தாரா, எனக்குத் தெரியாது. பொட்டைத் துடைக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மாமியோடு ஒரு மாதம் இருந்தார். சோறு குழைத்து ஊட்டியதாகவும், இருவரும் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை என்றும் மாமியின் மகளான மச்சாள் சொன்னாள். அவர் திரும்பி வந்த நாள் நான்தான் விமான நிலையத்துக்குப் போனேன். கதவு திறந்து திறந்து மூடியது. கோடை விடுமுறை முடிகிற நேரம். ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உயரமானவர்களுக்கு இடையில் பெரியப்பாவைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் உயரம் குறைந்தவர். அப்போது தலைகளுக்கு மேலே ஒரு கை எழுந்தது. கையில் சிவப்பு அட்டை. முகத்தைக் காண்பதற்கு முன்பே, சிங்கத்தைக் காண்பதற்கு முன்பே, நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் புள்ளியைக் கண்டேன். வெளிக்கிடும்போது மாமி சுகமாக இருந்த கையால் புதிதாக வைத்துவிட்ட பொட்டு அது. கூட்டம் விலகியதும் அவர் கடவுச்சீட்டை இறக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தூரத்திலை வாறது ஆரெண்டு தெரிஞ்சுதே?" என்றார்.

"தெரிஞ்சுது" என்றேன்.

ரயிலில் அவர் உற்சாகமாக இருந்தார். கடவுச்சீட்டைச் சோதித்த இளம் அதிகாரி பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, சாப்பிட்ட சொசேஜிலிருந்து கடுகுச் சாந்து வடிந்துவிட்டதா என்று கேட்டானாம். "ஓமெண்டு சொல்லிப்போட்டன். பின்னை, அந்த வரிசையிலை நிண்டு அம்மாளாச்சியை விளங்கப்படுத்தேலுமே? பின்னாலை நிக்கிறவன் அடிப்பான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே வயல்களும் ஊசியிலை மரங்களும் போய்க்கொண்டிருந்தன. அவர் இந்த நாட்டை ஒரு பிரயாணியாகப் பார்த்ததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

மாமி அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். தம்பிக்கு மேற்குக் கரையிலுள்ள ஸ்தவாங்கரில் வேலை கிடைத்து, குழந்தையும் பிறந்ததும், அப்பாவும் அம்மாவும் அங்கே போய்விட்டார்கள். பெரியப்பாவையும் கூப்பிட்டார்கள், திறப்புகளை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு மறுத்துவிட்டார். கடவுச்சீட்டில் இன்னொரு நாட்டின் முத்திரை விழவேயில்லை. போவதற்கு ஆள் இருக்கவில்லை. சென்ற இலையுதிர்காலத்தில், வேலைக்குப் போகாத ஒரு காலையில், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். அந்த வீட்டை விற்றபோது நான் எடுத்துக்கொண்டது இரண்டு பொருள்கள்: திறப்புப் பலகை, கடவுச்சீட்டு.

நான் வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், தனியாக இருக்கிறேன். நல்ல வேலை, சொந்த வீடு, என் பெயர் எழுதிய கதவு. இவற்றை நானே சம்பாதித்தேன், அந்தப் பெருமையை நான் யாருக்காகவும் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் சில சனிக்கிழமைகளில் தொண்டையைச் செருமும்போதுதான் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது தெரியவருகிறது. இந்தக் கோடையில் பெரியப்பாவின் பழைய அயலவர்கள் சிலர் திறப்புகளை என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். வேலை முடிந்து ஸ்டோவ்னரில் இறங்கி, வீடுகளைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு சோபாவிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். வீட்டில் மூச்சுப் படத்தான் இருக்கிறேனா, இன்னொருவருடைய வீட்டில் இருக்கும்போது என் வீட்டில் இல்லை என்பதற்காக இருக்கிறேனா என்று நான் யோசிப்பதில்லை.

கடந்த வாரம் ஒரு பள்ளி வகுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கேடயங்களின் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த, கறுத்த நீண்ட பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "எங்கள் கடவுச்சீட்டுச் சிங்கத்துக்கு என்ன அர்த்தம்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். வழக்கமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. "உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பார்" என்றேன். ஆசிரியை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். அம்மா தந்துவிட்ட சந்தனமும் மஞ்சளும் குசினித் தட்டில் திறக்கப்படாமலே இருந்தன. நான் தினமும் கும்பிடுகிறவள் அல்ல. ஆனாலும் இரண்டு துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, அம்மா செய்வதுபோல மோதிர விரலால் தொட்டு, பழைய கறையின் மேலேயே வைத்தேன். மூலை வெட்டிய கடவுச்சீட்டை ஜன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்னுக்கு நடந்தேன். கதவில் முதுகு முட்டும்வரை நடந்தேன். அங்கிருந்து பார்க்கக் கோடாலி தெரியவில்லை. கிரீடம் தெரியவில்லை. சிங்கம்கூடத் தெரியவில்லை.

மஞ்சள் தெரிந்தது. வருவது யாரென்று எனக்குத் தெரிந்தது.